குருவி பாடுகிறது என்பதால் மலை நலமாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்

கொடைக்கானல் வனக்கோட்டம், சுற்றுலாத் துறை, நகராட்சி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். பழனி மலையில் நீலக்குறிஞ்சி 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. அடுத்து 2030இல் பூக்க வேண்டும். அதற்கான ஆயத்தக் கோப்புகள் சீக்கிரமே நகரத் தொடங்கும். சாலையை அகலப்படுத்துவது, வண்டி நிறுத்த இடம் பார்ப்பது, காட்சி முனை கட்டுவது, விளம்பரம் கொடுப்பது என்று ஒவ்வொன்றாக வரும். அந்தக் கோப்புகளுக்கு முன்னால் இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

கூட்டங்களிலும் கடை வாசலிலும் ஒரு பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "மலைக்கு என்ன குறை? எங்கே பார்த்தாலும் பச்சை. விடிந்தால் குருவிச் சத்தம் காதைப் பிளக்கிறது. இயற்கை நன்றாகத்தான் இருக்கிறது." சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பச்சை இருக்கிறது, குருவியும் பாடுகிறது. ஆனால் அந்தப் பச்சை எது, அந்தக் குருவி எது என்று கேட்டுப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் குருவி. நம் ஊரில் விடியலில் அதிகம் கேட்கும் குரல் செம்மீசைச் சின்னானுடையது. கொண்டைக்குருவி என்றால் எல்லோருக்கும் தெரியும். தலையில் கூராக நிமிர்ந்த கறுப்புக் கொண்டை, கண்ணுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிவப்புத் தீற்று, வெள்ளைக் கன்னம், வாலடியில் இன்னொரு சிவப்பு. கூட்டை விட்டுப் புதிதாக வெளிவந்த குஞ்சுக்குக் கன்னத்துச் சிவப்பு இருக்காது. வாலடியும் வெளிறிய செம்மஞ்சளாகத்தான் இருக்கும். என் வீட்டு வேலியில் வருடம் தவறாமல் கூடு கட்டுகிறது. புல், வேர், காய்ந்த இலை இவற்றோடு பால் பாக்கெட்டிலிருந்து கிழிந்த ஒரு பிளாஸ்டிக் துண்டையும் சேர்த்து நெய்துவிடும். இடுப்பளவு உயரத்தில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவில், துணிக்கொடிக்குப் பக்கத்தில் கூட கட்டும். இரண்டு அல்லது மூன்று முட்டை. ஏறத்தாழ 12 நாள் அடைகாத்தால் குஞ்சு. தாயும் தகப்பனும் மாறி மாறிப் புழுவும் பழமும் கொண்டுவந்து ஊட்டும். பூனையோ காக்கையோ கூட்டைக் கலைத்துவிட்டால், கொஞ்ச நாளில் வேறொரு செடியில் மறுபடி கட்டத் தொடங்கும்.

இந்தப் பறவைக்குப் பிடிவாதம் கிடையாது. பழம் தின்னும், பூவில் தேன் குடிக்கும், பூச்சி பிடிக்கும். சோலையின் ஓரத்திலும் இருக்கும், காப்பித் தோட்டத்திலும் இருக்கும், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் புதரிலும் இருக்கும். கூண்டிலிருந்து தப்பியவை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் குடியேறிவிட்டன. ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் மொரீசியஸ் தீவிலும் மனிதர்கள் கொண்டுபோய் விட்டதே போதுமானதாக இருந்தது, தானாகப் பெருகிவிட்டது. உலக அளவில் அழிவு அபாயம் இல்லாத பறவைகளின் வரிசையில்தான் இது இருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். இத்தனை கட்டடத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவில் விடியலில் பாடுவதற்கு ஒரு பறவை இருக்கிறதே என்று தினமும் நினைக்கிறேன்.

இனி குறிஞ்சி.

குறிஞ்சி நீங்கள் கூப்பிட்ட இடத்துக்கு வராது. ஏறத்தாழ 1,300 மீட்டருக்கு மேல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்தில், மரமில்லாத திறந்த புல்சரிவில், வெயிலும் மூடுபனியும் மாறி மாறிப் படும் இடத்தில் வளர்கிற புதர்ச்செடி அது. பெரும்பாலும் முழங்கால் உயரம், நல்ல இடத்தில் ஆள் உயரம் வரையும் போகும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே, கிழக்கு மலையில் ஏற்காட்டுப் பக்கமும் ஒரு கூட்டம் இருப்பதாகப் பதிவு உண்டு. முளைத்ததிலிருந்து 12 ஆண்டு இலை விட்டு, கிளை விட்டு, ஒரு பூவும் காட்டாமல் நிற்கும். பிறகு ஒரு மலை முழுக்க ஒரே பருவத்தில் பூக்கும். தேனீக்கள் மொய்க்கும், மகரந்தம் கலக்கும், காய் முற்றி வெடிக்கும், விதை தாய்ச்செடியின் காலடியிலேயே விழும். அத்தோடு அந்தச் செடியின் வாழ்க்கை முடிந்தது. அடுத்த மழையில் விதை முளைத்து மறுபடி 12 ஆண்டு தொடங்கும்.

கொண்டைக்குருவிக்கு ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவம் இருக்கிறது. குறிஞ்சிக்கு அப்படி ஒரு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. பதினோராவது ஆண்டில் ஒரு சரிவைப் புல்டோசர் வழித்துவிட்டால், அந்தச் சரிவு ஒரு விதையையும் விடாமல் முடிந்துபோகும். பூத்த ஆண்டிலேயே, விதை முற்றுவதற்கு முன் செடியைப் பிடுங்கினாலும் அதே கதிதான். பூ பறிப்பவர் ஒரு பூவைப் பறிக்கிறார் என்று நினைக்கிறார். உண்மையில் 12 ஆண்டு காத்திருந்த ஒரு செடி விட்டிருக்கக்கூடிய விதைகளைத்தான் அவர் எடுத்துப்போகிறார்.

இந்த இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம்முடைய திட்டங்கள் எல்லாமே குறிஞ்சியைக் கொண்டைக்குருவி மாதிரி நினைத்துக்கொண்டு போடப்படுகின்றன. இடம் போனால் வேறு இடத்தில் வளரும், பூங்காவில் நட்டால் பிழைக்கும், நாற்று கொடுத்தால் வீட்டுக்கு வீடு வளரும், பூக்கிற மூன்று மாதம் காவல் போட்டால் போதும் என்ற எண்ணம் அவற்றுக்கு அடியில் இருக்கிறது. குருவிக்கு இது பொருந்தலாம். குறிஞ்சிக்கு ஒன்றுகூடப் பொருந்தாது.

கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூக்காத குறிஞ்சியைப் பார்த்தால் யாருக்கும் நின்று பார்க்கத் தோன்றாது. கறுத்த தண்டு, ஓரம் பல் பல்லாக இருக்கும் சொரசொரப்பான இலை, அவ்வளவுதான். சங்கப் பாட்டில் வரும் கருங்கோல் குறிஞ்சி இதுதான் என்று சொன்னால், கூட வந்தவர்கள் என்னை நம்பாமல் பார்ப்பார்கள். புல் வெட்ட வருபவருக்கு அது களை. சாலை போடும் ஒப்பந்தக்காரருக்கு அது புதர். நில அளவைப் பதிவிலோ அந்த இடமே தரிசு. 12 ஆண்டில் பதினோரு ஆண்டுக்கு மேல் இந்தச் செடி இப்படித்தான் நிற்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டிய காலமும் அதுதான். அந்தக் காலத்தில்தான் ஒரு காவலரும் இல்லை, ஒரு பலகையும் இல்லை.

மேல்மலையில் நான் பார்த்த ஒரு சரிவைப் பற்றிச் சொல்கிறேன். 2006இல் பூம்பாறைக்கு அப்பால், மன்னவனூர் போகிற வழியில், சாலையிலிருந்து கீழே இறங்கினால் முழுக்க ஊதா. மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் அங்கே நின்றுகொண்டு, தனக்கு இது எத்தனையாவது பூ என்று விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார். மலைவாழ் பளியர்கள் வயதையே குறிஞ்சி பூத்த கணக்கில் சொல்லிவந்தவர்கள். 2018இல் அதே இடத்துக்குப் போனபோது பாதிச் சரிவில் சீகை மரம், அதாவது வெளிநாட்டு வாட்டில் மரம், வந்துவிட்டது. மரத்துக்குக் கீழே புல்லும் இல்லை, குறிஞ்சியும் இல்லை, காய்ந்த சருகுதான். மரத்தின் உச்சியில் கொண்டைக்குருவி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. உடன் வந்த சுற்றுலாக் குடும்பம், "என்ன அழகான காடு!" என்று படம் எடுத்தது. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அது காடு இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பழனி மலையின் மேல்பகுதி இயல்பில் இரண்டு விதமானது. மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் சோலைக்காடு. திறந்த சரிவுகளிலும் முகடுகளிலும் புல்வெளி. ஒன்று காடு, மற்றது காடு அழிந்த இடம் என்று நினைப்பது பெரிய தவறு. புல்வெளி பல ஆயிரம் ஆண்டுகளாகப் புல்வெளியாகவே இருந்துவந்த நிலம். மழைநீரைப் பஞ்சு மாதிரி உள்வாங்கி, ஓடைகளுக்கு மெதுவாக விடுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பெரியகுளத்துக்குக் குடிநீர் போகிற பேரிஜம் ஏரியைச் சுற்றி நடந்து பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் புல்வெளியில்தான் தோல் பதனிடும் தொழிலுக்கான பட்டைக்காகச் சீகையையும், கூழுக்கும் விறகுக்குமாக யூகலிப்டஸையும், பைனையும் நட்டோம். தரிசில் மரம் நடுகிறோம் என்ற நல்லெண்ணத்தோடுதான் அன்றைக்கு நட்டிருப்பார்கள். விளைவு என்ன? 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பழனி மலையை ஆராய்ந்தவர்கள், இந்த நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018இல் வெளியிட்டார்கள். அந்த இடத்தைப் பிடித்தவை பெரும்பாலும் மரத்தோட்டமும் விவசாயமும். இதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது புல்வெளி போனது மட்டுமல்ல. மரப்பரப்பை மட்டும் கணக்கெடுக்கும் எந்த அறிக்கையிலும் இது வளர்ச்சியாகத்தான் தெரியும். மலை பச்சையாகிக்கொண்டே வந்தது, குறிஞ்சிக்கு இடம் போய்க்கொண்டே இருந்தது.

கொண்டைக்குருவிக்கு இந்த மாற்றத்தால் நட்டம் ஒன்றும் இல்லை. புல்வெளியின் நடுவில் அதற்கு வேலையே கிடையாது. உட்காரக் கிளை வேண்டும், கூடு கட்டப் புதர் வேண்டும், தின்னப் பழம் வேண்டும். புல்வெளி தோட்டமாகி, தோட்டம் வேலியாகி, வேலிக்குள் விடுதி வரும்போது இவை மூன்றும் கிடைத்துவிடுகின்றன. எங்கள் வீட்டுப் பிளம்ஸ் பழுத்தால் முதல் கொத்து அதற்குத்தான். அதனால்தான் சொல்கிறேன். எங்கே அதன் குரல் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறதோ, அங்கே புல்வெளி பின்வாங்கியிருக்கிறதா என்று நாம் போய்ப் பார்க்க வேண்டும். மலை நலமாக இருக்கிறது என்பதற்குச் சாட்சியாக அந்தக் குரலைக் காட்டக் கூடாது.

இன்னொரு தொடர்பும் உண்டு. கீழ்மலையில் உண்ணிச்செடி புதர் புதராக அடைத்துக்கிடப்பதை நீங்கள் நன்றாக அறிவீர்கள். அதன் கறுத்த சிறு பழங்கள் சின்னான்களுக்கு மிகவும் பிடித்தவை. தின்றுவிட்டு வேறொரு கிளையில் போய் எச்சமிடும். அங்கே ஒரு புதர் முளைக்கும். மொரீசியஸிலும் ரீயூனியன் தீவிலும் வெளியூர்ச் செடிகள் பரவியதில் இந்தப் பறவைக்குப் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மேல்மலை விடுதிகளில் அழகுக்காக நடும், பழம் காய்க்கும் வெளிநாட்டுப் புதர்கள் சோலையோரத்துக்குப் போய்ச் சேர்வதும் இப்படித்தான். குறிஞ்சி விதையையோ இது எங்கும் கொண்டுபோகாது. குறிஞ்சிக்குச் சதைப்பற்றுள்ள பழமே இல்லை. ஆக, நம் மலையின் மிகப் பொதுவான பாட்டுக்காரன் ஆக்கிரமிப்புச் செடிக்கு இலவச வாகனம், அரிய செடிக்கு ஒரு உதவியும் இல்லை. இதில் பறவையின் குற்றம் ஒன்றும் கிடையாது. வேலியில் எதை நடுவது என்று முடிவு செய்தவர்கள் நாம். தயவுசெய்து இந்த வரியைப் படித்துவிட்டு யாரும் கூட்டைக் கலைக்கக் கிளம்ப வேண்டாம். சின்னான்களைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சட்டம் என்றதும் குறிஞ்சிக்கும் வருகிறேன். 2022இல் திருத்தப்பட்ட அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி சேர்க்கப்பட்டுவிட்டது. பிடுங்கினாலும் அழித்தாலும் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அனுமதி இல்லாமல் வளர்ப்பதற்கும் வைத்திருப்பதற்கும் தடை. 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலிலும் அழிவாய்ப்புள்ள இனமாக அது ஏறியது. இவ்வளவுக்குப் பிறகும், "குறிஞ்சி நாற்று வாங்கித் தோட்டத்தில் நட்டால் இனம் பெருகுமே" என்று நல்ல மனிதர்களே என்னிடம் கேட்கிறார்கள். பெருகாது. தோட்டத்தில் பத்துச் செடி பூத்தால் அது பத்துச் செடிதான். ஒரு சரிவு முழுக்கச் சேர்ந்து பூத்துத் தேனீக்களை வரவழைத்து, உண்பவை தின்றது போக மிஞ்சும் அளவுக்கு விதை கொட்டுவதுதான் இந்தச் செடி பிழைக்கிற வழி. அதற்குச் சரிவு வேண்டும். சரிவைக் கொடுக்காமல் நாற்றைக் கொடுப்பது உதவி ஆகாது.

நல்ல முன்மாதிரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம், நம் கிளாவரையிலிருந்து பார்த்தால் தெரிகிற வட்டவடை, கொட்டக்கம்பூர் சரிவுகளில் கேரள அரசு 2006இல், அந்தப் பூவின் ஆண்டிலேயே, குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவித்தது. 32 சதுர கிலோமீட்டர். ஒரு செடிக்காகச் சரணாலயம் என்பது சின்ன விஷயம் இல்லை. பட்டாச் சிக்கல், எல்லைச் சிக்கல் என்று அங்கேயும் ஆயிரம் தொல்லைகள் இருந்தன. ஆனாலும் 'இந்த நிலம் இந்தச் செடிக்கு' என்று ஒரு அரசு எழுதிக்கொடுத்தது. நம் பக்கத்தில் 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் வந்தது, அறுநூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதற்கு உங்கள் துறைக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்தப் பரப்புக்குள் குறிஞ்சிச் சரிவுகள் எவை, எத்தனை, எந்தச் சரிவு எந்த ஆண்டுக்கானது என்ற விவரம் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை.

இதைப் பூக்காத இந்த ஆண்டுகளிலேயே செய்ய வேண்டும். பூத்த பிறகு வரைபடம் போட யாராலும் முடியும், ஆனால் அதற்குள் பாதி போயிருக்கும். மேல்மலை ஊர்களில் மாடு மேய்ப்பவர்களுக்கும், தேன் எடுப்பவர்களுக்கும், தீத்தடுப்புக் காவலர்களுக்கும் செடி நிற்கும் இடம் ஒவ்வொன்றும் தெரியும். பூ இல்லாமலே தண்டைப் பார்த்து அடையாளம் சொல்வார்கள். அவர்களைக் கூலிக்கு அமர்த்துங்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை, கூக்கால் என்று ஊர் ஊராக நடந்தால் போதும். ஆண்டுதோறும் எங்காவது "குறிஞ்சி பூத்துவிட்டது" என்று செய்தி வருகிறது. பெரும்பாலும் அது வேறு சுழற்சியில் பூக்கும் அதன் உறவுச்செடியாக இருக்கும். வரைபடம் இருந்தால் அந்தக் குழப்பமும் தீரும்.

மரம் நடும் விழாக்களைப் பற்றி. தயவுசெய்து புல்வெளியில் நடாதீர்கள். சமவெளியில், ஏரிக்கரையில், பள்ளி வளாகத்தில் நடுங்கள், நானும் மண்வெட்டியோடு வருகிறேன். மேல்மலைப் புல்சரிவில் எந்த மரமும் வேண்டாம், நாட்டு மரம் என்றாலும் வேண்டாம். காலி இடம் மாதிரித் தெரிவது அந்த நிலத்தின் இயல்பு. அரசாணையில் 'தரிசு' என்ற பெயரில் வரும் இடங்களை மட்டும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சீகையை வெட்டும் வேலை உங்கள் கைகளில் இருக்கிறது. அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று 2022இல் தமிழ்நாடு அரசு கொள்கையே வெளியிட்டது. உயர் நீதிமன்றமும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதில் அவசரத்தைவிட வரிசை முக்கியம் என்பது என் கருத்து. பெரிய மரத்தை வெட்டிச் சாய்த்தால் படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். நிலம் வெளிச்சம் பார்த்ததும், தீ பட்டதும், ஆயிரக்கணக்கில் முளைத்து வரும். பழைய மரத்தோட்டங்களுக்கு அடியில் பல இடங்களில் சோலை மரக்கன்றுகளும் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. அங்கே ஒட்டுமொத்தமாக வெட்டினால் அவையும் போகும். முதலில் இன்னும் மிச்சமிருக்கும் புல்வெளியின் விளிம்புக்குப் போங்கள். அங்கே முளைத்திருக்கும் இளங்கன்றுகளைக் கையாலேயே வேரோடு பிடுங்கிவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். இதற்கு இயந்திரம் வேண்டாம், பெரிய ஒப்பந்தம் வேண்டாம், தொடர்ச்சியாக ஆள் வேண்டும். குறிஞ்சி ஒரு சுற்று முடிப்பதற்குள் அதிகாரிகள் பல பேர் மாறிவிடுகிறீர்கள். ஒருவர் தொடங்கிய வேலையை அடுத்து வருபவர் தொடரும்படி பதிவேட்டில் எழுதி வைப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பாதுகாப்பு.

இனி 2030இன் கூட்டம். 2024 மே மாதத்திலிருந்து மலைக்கு வர இ-பாஸ் இருக்கிறது. 2025 கோடையில் நீதிமன்றம் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தது. பூ காலத்தில் அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி எல்லாப் பக்கமும் நெருக்கடி வரும். எங்கள் ஊர்க்காரர்களே கேட்பார்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வருமானம் என்பார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை, விடுதியும் வாடகை வண்டியும் நம்பி வாழ்கிற ஊர் இது. ஆனால் செடிகளுக்கு நடுவில் இறங்கி நின்று படம் எடுக்கும் ஆயிரம் கால்களை அந்தச் சரிவு தாங்காது. பார்ப்பதற்கென்று சாலையோரச் சரிவுகள் இரண்டு மூன்றை ஒதுக்குங்கள். நடைபாதையைக் கயிறு கட்டிக் காட்டுங்கள். மீதிச் சரிவுகளின் பெயரை விளம்பரத்தில் போடவே வேண்டாம். வழிகாட்டிகளாக உள்ளூர் இளைஞர்களையும் பெண்களையும் நியமித்து நல்ல சம்பளம் கொடுங்கள், பூவின் வருமானம் சரிவில் இறங்காமலே ஊருக்கு வரும். 1936இல் இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதன் குடும்பத்து லீலாவதி அம்மையார் கட்டிய குறிஞ்சி ஆண்டவர் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வருபவர்களுக்குக் குறிஞ்சியின் கதையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

பூ வாடியதும் எல்லோரும் திரும்பிப் போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். எல்லோரும் மறக்கிற கட்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பூத்து முடிந்த சரிவு பார்க்க அசிங்கமாக இருக்கும். பழுப்பு நிறத்தில் செத்த குச்சிகள், கையால் தொட்டால் பொடியும் இலைகள். 2018 முடிந்து 2019இன் தொடக்கத்தில் ஒரு சரிவில் குனிந்து பார்த்தேன். காய்ந்த கொத்துகளில் இன்னும் வெடிக்காத காய்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வெடித்தவற்றின் விதைகள் புல்லின் அடியில், ஈரமண்ணில் சிதறிக் கிடந்தன. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அதே குச்சிகளை விறகுக்காகக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார்கள். "செத்த செடிதானே" என்றார்கள். அவர்களுக்குத் தெரியாது, நாமும் சொல்லவில்லை. விதை விழுந்து, மழை பெய்து, நாற்று தலைதூக்கும் வரை அந்தச் சரிவுகளில் மேய்ச்சலும் விறகும் தீயும் கூடாது. அந்த மாதங்களில் அந்தக் குடும்பங்களுக்கு விறகுக்கு மாற்று ஏற்பாடு செய்து கொடுங்கள். சீகைக் கட்டை வேண்டிய மட்டும் இருக்கிறது, அதையே கொடுக்கலாம்.

கடைசியாகப் பறவைக்கே திரும்புகிறேன். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் கலந்துகொள்கிறார்கள், மனதுக்கு இதமான வேலை. மேல்மலையில் அந்தக் கணக்கெடுப்பைச் சாலையிலும் ஏரிக்கரையிலும் நடத்தினால் பட்டியலின் உச்சியில் கொண்டைக்குருவிதான் வரும். எண்ணிக்கை பெரிதாக இருக்கும், எல்லோருக்கும் திருப்தியாக இருக்கும். பிள்ளைகளைப் புல்வெளிக்கும் அழைத்துப் போங்கள். அங்கே தேட வேண்டியது நீலகிரி நெட்டைக்காலியை. பழுப்பு நிறம், கோடு போட்ட முதுகு, தரையோடு தரையாக ஓடும், புல்லுக்கு அடியில் கூடு வைக்கும். கொண்டைக்குருவியைப் போல அழகு காட்டத் தெரியாத பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரப் புல்வெளிகளை விட்டால் உலகில் வேறெங்கும் அதற்கு வீடு இல்லை. அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. குறிஞ்சி நிற்கும் சரிவில் அது இருக்கிறதா, இல்லையா, போன ஆண்டு இருந்ததா என்பதைப் பிள்ளைகள் எழுதட்டும். மலையின் நலத்தைப் பற்றி உங்கள் அறிக்கையில் ஒரு பறவையின் பெயரை எழுத வேண்டுமென்றால் அந்தப் பெயரை எழுதுங்கள்.

வரைபட வேலையை வரும் கோடைக்குள் தொடங்குவீர்களா, எந்தெந்த ஊரில், யார் பொறுப்பில் என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும், எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். மேல்மலையில் எங்கே நடக்க ஆள் தேவைப்பட்டாலும் சொல்லி அனுப்புங்கள், ஊரில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

மிக்க மரியாதையுடன்,
மேல்மலைக் குடியானவர் ஒருவர்